நான்காவது நிபந்தனை

"உனக்கு எங்கேருந்துதான் இவ்வளோ கோவம் வருதோ" என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்த என் அம்மா லோகநாயகிக்கு,

நீ போய் இரண்டு ஆடி முடிந்துவிட்டது. அப்பா நன்றாக இருக்கிறார். சமைக்கக் கற்றுக்கொண்டுவிட்டார், உப்பு மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை. உன் அண்ணன் செல்போன் வாங்கியிருக்கிறார். கடைக்குள் சிக்னல் கிடைக்காததால் காந்தி ரோட்டின் நடுவில் வந்து நின்று, ஊருக்கே கேட்கும்படி பேசுகிறார்.

அவருக்கு அறுபது முடிந்தது. மணிவிழா பெரிதாக நடந்தது. அதன் ஞாபகமாக, அவர் படித்த கல்லூரியில் அவர் பேரிலும் குடும்பத்தார் பேரிலும் ஓர் உதவித்தொகை ஏற்படுத்தியிருக்கிறார்கள். வருடத்துக்கு ஒரு முதலாமாண்டு மாணவருக்கு, மூன்று வருடப் படிப்புச் செலவு முழுவதும். நான் அதே கல்லூரியில்தான் வேலை பார்க்கிறேன் என்று உனக்குத் தெரியாது. நீ இருக்கும்போது எம்.காம். முடித்திருந்தேன், அவ்வளவுதான். இப்போது கெஸ்ட் லெக்சரர். எத்தனை மணி நேரம் பாடம் நடத்துகிறேனோ அத்தனை மணி நேரத்துக்குச் சம்பளம். லீவு விட்டால் நான் வேலையில்லாதவள்.

அலுவலகத்துக்கு எதிர்ச் சுவரில் பித்தளைத் தகடு வைத்திருக்கிறார்கள். மேலே உன் அண்ணன் பெயர், பக்கத்தில் பி.காம். அதன் கீழே அத்தை, இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள். கடைசி வரியில் 'பேரன்' என்று மட்டும் இருக்கிறது. தகடு அடிக்கக் கொடுத்தபோது அந்தக் குழந்தைக்குப் பெயர்கூட வைக்கவில்லை. பெயரே வைக்காதவனுக்கு அந்தத் தகட்டில் இடம் இருந்தது, அம்மா. மூன்று முறை படித்தேன். நீ இல்லை.

உனக்குத் தெரிந்த கதைதான். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். தாத்தா கோர்வைச் சேலை நெய்தவர். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். ஒரு ஆள் தனியாக நெய்ய முடியாது. நெய்கிறவர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து, கரை நூல் ஓடும் நாடாவை எறிய வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மாமாதான் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டிருந்தார். அவர் கல்லூரியில் சேர்ந்த ஜூன் மாதம், நீ ஒன்பதாம் வகுப்பிலிருந்து நின்றாய். அவர் எழுந்த இடத்தில் நீ உட்கார்ந்தாய். அவர் பட்டம் வாங்கினார், கடை வைத்தார், மாடி மேல் மாடி கட்டினார். எல்லாம் அவர் உழைப்புதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த உழைப்பு தொடங்கிய இடத்தில் ஒரு பெண் பள்ளிக்கூடத்தை விட்டு வந்து உட்கார்ந்திருந்தாள்.

நீ அதைக் குறையாகச் சொன்னதில்லை. ஒரே ஒருமுறை என் பி.காம். புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "இத்தப் படிக்கவா மூணு வருசம்?" என்றாய். நான் சிரித்தேன். நீ சிரித்தாயா என்று எனக்கு ஞாபகம் இல்லை.

தகடு வருவதற்கு முன்பே மாமா என்னை வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். "செல்வி, காலேஜ் விவகாரம் உனக்குத்தான் தெரியும். கண்டிஷன் எல்லாம் நீயே எழுதிக் குடுத்துடும்மா" என்றார். வேண்டியது இன்னதென்று ஒரு தாளைப் பார்த்துச் சொன்னார். அத்தை கேசரி கொடுத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். கணிப்பொறி மையத்துக்குப் போய் அரை மணி நேரத்தில் ஆறு நிபந்தனைகளையும் விண்ணப்பப் படிவத்தையும் தட்டச்சு செய்து கொடுத்தேன். அது அப்படியே அச்சாகி அறிவிப்புப் பலகைக்கு வந்தது.

என் வகுப்பில் எஸ்தர் என்று ஒரு பெண். முசரவாக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறாள். முதலாமாண்டு, ஆனால் மற்றவர்களைவிட இரண்டு வயது பெரியவள். வகுப்பில் அவளை 'அக்கா' என்று கிண்டல் செய்வார்கள். "ஆமாண்டா தம்பி, அக்கா சொல்றேன், உக்காரு" என்று பதிலுக்கு உட்கார வைப்பாள். ப்ளஸ் டூ முடித்ததும் அவளுடைய அப்பா சாலமன் நெஞ்சு நோயில் படுத்துவிட்டார். வீட்டில் தறி, தறியில் மாமா கடை கொடுத்து ஏற்றிய பாவு நூல். பாதியில் விட முடியாது. அவள் உட்கார்ந்தாள். அந்தப் பாவு முடிந்ததும் அடுத்தது வந்தது. இரண்டு வருடம் போனது. அப்பா இறந்த பிறகு தறியைத் தங்கைக்கும் அம்மாவுக்கும் விட்டுவிட்டுக் கல்லூரிக்கு வந்தாள். முதல் செமஸ்டர் கட்டணத்துக்கே காது வெறும் காதாகிவிட்டது. அடுத்ததற்கு வழி இல்லை. உதவித்தொகை கிடைத்தால் படிப்பாள். கிடைக்காவிட்டால் திரும்பத் தறிக்கு. நடுவில் வேறு பாதை இல்லை.

நான்தான் விண்ணப்பிக்கச் சொன்னேன். அவள் படிவத்தைப் படித்துவிட்டு ஏதோ சொல்ல வந்தாள். "எல்லாம் நான் பார்த்துக்கறேன், நீ எழுதிக் குடு" என்று அவசரப்படுத்தினேன்.

ஒரு வாரம் கழித்து, அவள் படிவத்தில் குறுக்கே சிவப்புக் கோடு. கிளார்க் தேவராஜிடம் போனேன்.

"இதுக்குப் போயி இன்னா மேடம் கோவம்? கண்டிஷன் நாலைப் படிங்க" என்றார்.

படித்தேன். 'விண்ணப்பிப்பவர் இடைவெளி எதுவும் இல்லாமல் தொடர்ந்து படித்து வந்தவராக இருக்க வேண்டும்.'

"யார் போட்டது இது?"

"உங்க மாமா ஸ்காலர்ஷிப்பு. என்னைக் கேட்டா?"

எனக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறியது. மாமா சொல்லித்தான் அந்த வரியைத் தட்டச்சு செய்திருப்பேன் என்று நினைத்தேன். தங்கையை நிறுத்தி வைத்துப் படித்த மனிதர், படிப்பை நிறுத்தியவர்களுக்குத் தரமாட்டேன் என்கிறாரா? மூன்றாவது மணி வகுப்பை விட்டுவிட்டு நேராகக் கடைக்குப் போனேன்.

அன்று வெள்ளிக்கிழமை. நெசவாளர்கள் சேலை கொண்டுவரும் நாள். மாமா பாயில் உட்கார்ந்து, ஒரு சேலையை மடியில் பிரித்துப் போட்டு, சாண் சாணாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரில் நான்கைந்து பேர் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர் விரல் ஓரிடத்தில் நின்றால் எதிரில் ஒருவருக்குக் கூலி குறையும்.

"வாம்மா செல்வி. காலேஜ் இல்லையா இன்னிக்கி?"

"மாமா, அந்தத் தகட்டுல எங்க அம்மா பேரு ஏன் இல்ல?"

படிவத்தைப் பற்றிக் கேட்கத்தான் போனேன். வாய் இதைக் கேட்டது. மாமா சேலையை மெதுவாக மடித்துவிட்டு அந்த நெசவாளர்களைப் பார்த்தார். அவர்கள் கூரையைப் பார்த்தார்கள். பொய்யாக ஏதாவது சொல்வார், சண்டை போடலாம் என்று நின்றேன்.

"பேரு எழுதிக் குடுன்னாங்க. வீட்ல யார் யார் இருக்காங்களோ எழுதிக் குடுத்தேன். லோகு ஞாபகத்துக்கு வரலம்மா" என்றார்.

அவ்வளவுதான். உன்னை வேண்டாம் என்று ஒதுக்கியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். ஞாபகம் வரவில்லை என்றால் என்ன செய்வது, அம்மா?

படிவத்தை எடுத்துப் பாயில் போட்டேன். "அதனாலதான் இந்த நாலாவது கண்டிஷனா? நடுவுல நின்னு படிச்சவங்களுக்கு இல்லைன்னு எழுத உங்களுக்குக் கை வந்துச்சா?"

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். சின்ன மகனைக் கூப்பிட்டு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து வரச் சொன்னார். அவருடைய கையெழுத்து. அன்று எனக்குச் சொல்வதற்காக அவர் எழுதி வைத்திருந்த தாள். இந்தக் கல்லூரியில் சேர்ந்திருக்க வேண்டும். காஞ்சிபுரம் தாலுக்காவாக இருக்க வேண்டும். கஷ்டப்படுகிற குடும்பமாக இருக்க வேண்டும். நல்ல மார்க் வேண்டும். நான்கே வரி.

"நான் சொன்னது இதாம்மா. மத்த ரெண்டும் யாருதுன்னு பாரு."

அப்போதுதான் ஞாபகம் வந்தது. நான்கு வரி மட்டும் இருந்தால் கடைச் சீட்டு மாதிரி இருக்கிறது என்று, கல்லூரி அலுவலகத்தில் கிடந்த வேறொரு உதவித்தொகைப் படிவத்திலிருந்து இரண்டைச் சேர்த்தேன். ஆறு இருந்தால் பார்க்க லட்சணமாக இருக்கும் என்று நினைத்தேன். நன்னடத்தைச் சான்று ஒன்று. இடைவெளி இல்லாத படிப்பு இன்னொன்று.

உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "மருமவப் பொண்ணு நல்லா நெஞ்சிருக்குது, கரை மட்டும் மாறிப் போச்சு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை.

அந்த வரியைத் தட்டச்சு செய்தபோது எனக்கும் உன் ஞாபகம் வரவில்லை, அம்மா. அவருக்காவது அறுபது வயது, ஆயிரம் வேலை. எனக்கு என்ன? நான் உன் மகள். உன் கதையை ஊரெல்லாம் சொல்லிக் கோபப்படுகிறவள்.

"சரி மாமா, எடுத்துடலாம்" என்றேன்.

"அதெப்படி? மொத வருசமே மாத்தினா சிபாரிசும்பாங்க. அந்தப் பொண்ணு உன் ஸ்டூடண்ட் வேற. நீதான் சேர்த்ததுன்னு தெரிஞ்சா உன்ன வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க. என் பேர்லயே இருக்கட்டும், விடு. அந்தப் பொண்ணக் கடைக்கு வரச் சொல்லு. தனியா செஞ்சிடலாம்."

மறுநாள் எஸ்தரிடம் சொன்னேன். அவள் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"எங்கப்பா அந்தக் கடை உள்ள போயி பாய்ல உக்காந்ததே கெடையாது மேடம். வாசல்ல நின்னு குடுத்துட்டு, வாசல்ல நின்னு வாங்கிக்கினு வருவாரு. அவரு நின்னதே எங்க குடும்பத்துக்குப் போதும்."

"அது வேற, இது வேற எஸ்தர்."

"ஒண்ணுதான் மேடம். காலேஜ்ல குடுத்தா அது என் மார்க்குக்கு. கடைல குடுத்தா தர்மம்." பிறகு மெல்லச் சொன்னாள்: "அன்னிக்கே சொல்ல வந்தேன். நாலாவதப் படிச்சேன். நீங்கதான் பேச விடல."

அவள் தந்தை ஏன் வாசலில் நின்றார் என்று நான் உனக்கு விளக்க வேண்டியதில்லை. முசரவாக்கத்தில் எந்தத் தெருவில் வீடு என்று கேட்டுவிட்டுத்தான் பாயைக் காட்டுவார்கள் அந்தக் கடையில். அவர் நெய்ததை மட்டும் எந்தத் தெரு என்று கேட்காமல் கல்யாணத்துக்குக் கட்டுவார்கள்.

தேர்வுக் குழு கூடியது. முதல்வர், மாமா, தேவராஜ். குடும்பத்தின் சார்பில் என்று என்னையும் ஒரு மூலையில் உட்கார வைத்தார்கள். முதல்வர் பட்டியலைப் படிக்கத் தொடங்கியதும் எழுந்தேன். கோபத்தில் பேசுவது எனக்குப் பழக்கம். தப்பு செய்துவிட்டேன் என்று பேசிப் பழக்கமில்லை.

"சார், நாலாவது நிபந்தனை கொடையாளர் சொன்னதில்லை. நானா சேர்த்தது. வேற ஃபார்ம்லேருந்து பார்த்து எழுதினேன். அது செல்லாது."

முதல்வர் மாமாவைப் பார்த்தார். மாமா என்னைப் பார்க்கவே இல்லை. "இல்ல சார், நான்தான் சொன்னேன். கொழந்தைக்கு ஞாபகம் இல்ல. நீங்க படிங்க" என்றார்.

என்னைக் காப்பாற்றுகிறாராம். தாய்மாமன் கடமை. எனக்கு அவர்மேல் இவ்வளவு பாசமும் இவ்வளவு ஆத்திரமும் ஒரே நேரத்தில் வந்ததே இல்லை. நம் வீடுகளில் எத்தனை அநியாயம் இப்படித்தான் நடந்திருக்கும், அம்மா? யாரும் யாருக்கும் கெட்டது நினைக்காமல், சொந்தப் பிள்ளையை மட்டும் காப்பாற்றிக்கொண்டு?

"மாமா, நீங்க எழுதின தாள் இருக்குது. நான் பொய் சொல்லல."

மாமா சட்டைப் பைக்குள் கை விட்டார். அந்தத் தாள் அங்கே இருந்தது. நான்காக மடித்து வைத்திருந்தார். எடுத்து மேசைமேல் போட்டுவிட்டு, "உங்க அம்மாவுக்கு இவ்வளோ வாய் கெடையாது" என்றார்.

தாளைக் காட்ட வேண்டாம் என்று நினைத்தவர் அதை ஏன் பையில் வைத்துக்கொண்டு வந்தார்? இன்றுவரை கேட்கவில்லை. நீ கேட்டால் சொல்வாரோ என்னவோ.

முதல்வர் என்மேல் எரிந்து விழுந்தார். "ஒரு ஃபார்ம் ஒழுங்கா அடிக்கத் தெரியாதவங்க பாடம் என்ன நடத்துவீங்க?" என்றார். நான்காவது நிபந்தனையை அடித்தார்கள். அதனால் தள்ளுபடியான படிவங்களை எடுத்து வரச் சொன்னார்கள். தேவராஜ் ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டைக் கொண்டுவந்தார். ஒருவரைத் தவிர எல்லோரும் பெண்கள். தம்பி படிப்புக்காக நின்றவள், அம்மா பிரசவத்துக்காக நின்றவள், தாமல் பக்கத்தில் நாற்று நட நின்றவள். நான் பார்த்து எழுதிய பழைய படிவத்தில் இருந்தபடியே, இடைவெளிக்குக் காரணம் எழுத ஒரு வரி இடமும் விட்டிருந்தேன். அந்த ஒரு வரியில் எல்லோரும் பொடி எழுத்தில் நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தார்கள்.

எல்லாவற்றையும் சேர்த்து மறுபடி பார்த்தார்கள். மார்க்கில் எஸ்தர் முதலில் வந்தாள். நான் அந்த அறையை விட்டு வெளியே போய் வராந்தாவில் நின்றேன், யாரும் சிபாரிசு என்று சொல்லிவிடக் கூடாது என்று.

கொடுக்கும் நாளன்று மேடையில் உன் அண்ணன் குடும்பம் முழுவதும் பட்டில் உட்கார்ந்திருந்தது. பேரனுக்கு இப்போது பெயர் இருக்கிறது, அழுதுகொண்டே இருந்தான். "காலைத் தொட்டுக் கும்பிடணும், மறந்துடாத" என்று தேவராஜ் எஸ்தரிடம் இரண்டு முறை சொன்னார். அவள் மேடையேறிக் கைகூப்பி நின்றாள். அவ்வளவுதான் செய்தாள்.

மாமா உறையை நீட்டிக்கொண்டே, "முசரவாக்கமா? யார் பொண்ணு?" என்று கேட்டார்.

"சாலமன் பொண்ணு சார்."

"சாலமனா! நல்ல கையாச்சேம்மா. கடைசிவரைக்கும் சேலைல ஒரு கொறை பார்த்ததில்ல நானு."

"கடைசி ரெண்டு வருசம் அப்பா தறில உக்காரல சார். படுத்துக்கினு இருந்தாரு. அம்மா கொண்டாந்து குடுத்தாங்க, நீங்க அப்பா நெஞ்சதுன்னு நெனச்சிக்கினு வாங்கிக்கினீங்க. அதெல்லாம் என் கை."

மைக் பக்கத்தில் இருந்ததால் முன் வரிசைக்குக் கேட்டது. போட்டோகிராபர், "சார், இங்க பாருங்க, சிரிங்க" என்றான். மாமா அவனைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். உறை இருவர் கையிலும் இருந்தது. அந்தப் படத்தைத்தான் கல்லூரி மலரில் போட்டிருக்கிறார்கள். யாருமே சிரிக்காத படம்.

வீட்டுக்குப் போகும்போது காரில் ஏற்றிக்கொண்டார். பாதி வழியில், "தகட்டுல லோகு பேரச் சேர்க்கச் சொல்லியிருக்கேன். மேல எடம் இல்லையாம். பேரனுக்குக் கீழ சின்ன எழுத்துல போடலாம்ன்றாங்க" என்றார்.

"வேணாம் மாமா" என்றேன்.

"ஏம்மா?"

"அம்மாவ ஞாபகம் வெச்சிக்கணும்னா நாலாவது எடம் காலியா இருக்குது. அங்க எழுதுங்க. நின்னு போயி திரும்பி வந்தவங்களுக்கு முன்னுரிமைன்னு."

ரங்கசாமி குளம் தாண்டி என்னை இறக்கிவிடும்போது, "நீயே எழுதிக் குடு. இந்த தடவ யோசிச்சு எழுது" என்றார். எழுதிக் கொடுத்திருக்கிறேன். முதல்வரிடம் இருக்கிறது. கையெழுத்து இன்னும் ஆகவில்லை. அடுத்த செமஸ்டரில் என் வகுப்புகளைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள், காரணம் கேட்டால் கால அட்டவணை என்கிறார்கள்.

உன்னைக் கேட்காமல் உன் பெயரை வேண்டாம் என்றுவிட்டேன். அது சரியா? பித்தளையில் ஒருமுறை உன் பெயரைப் பார்க்க உனக்கு ஆசை இருந்திருக்குமோ? நீ ஒன்பதாம் வகுப்பை விட்டபோதும் உன்னை யாரும் கேட்கவில்லை. இப்போது நானும் கேட்கவில்லை. இது என்னை விடமாட்டேன் என்கிறது.

இன்னொன்றும் விடமாட்டேன் என்கிறது. ரப்பர் பேண்ட் கட்டில் இருந்தவர்கள் நிபந்தனையைப் படித்தும் துணிந்து எழுதியவர்கள். பலகையின் முன் நின்று, நான்காவது வரிவரை வந்து, படிவமே வாங்காமல் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர்? அவர்கள் பெயர் தேவராஜிடம் இல்லை. முதல்வரிடம் இல்லை. யாரிடமும் இல்லை. நான் எழுதிய ஒரு வரி அவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறது.

வருகைப் பதிவேட்டை வாங்கி வைத்திருக்கிறேன். முதலாமாண்டில் வயது கூடியவர்கள், பாதியில் வராமல் போனவர்கள், எல்லோருடைய ஊரையும் குறித்துக்கொண்டேன். வகுப்பு குறைந்ததில் வாரத்துக்கு இரண்டு நாள் கையில் இருக்கிறது. நாளை முதலில் தாமல். ஏரிக்கரைப் பக்கம் ஒரு பெண், இரண்டு மாதமாக வரவில்லை. அவள் வீட்டுக் கதவைத் தட்டி, அந்த வரியை எழுதியது நான்தான் என்று சொல்லிவிட்டு, மறுபடி முதலாமாண்டில் சேர்ந்து எழுத அடுத்த வருடப் படிவத்தைக் கையில் கொடுப்பேன். திட்டினால் வாங்கிக்கொள்வேன். ஒவ்வொரு வீடாகப் போவேன், அம்மா. வாக்கு.

இப்படிக்கு,
உன் மகள், உன் அண்ணனின் வாயாடி மருமகள்,
செல்வி